தீனி டப்பாவின் சத்தம்

ராயபுரத்தில் புறா வளர்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாத்தியார் என்று சொன்னால் அது ஜெசிந்தா ஒருவர்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாற்பது வயதை இன்னும் தொடவில்லை. அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மாடியிலிருந்து ஏறும் புறாவைப் பார்க்கத் தெருவே கழுத்து வலிக்க நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். அந்த வலிக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

பந்தயத்தின் விதி எளிது. காலையில் அவரவர் மாடியிலிருந்து ஒரு புறாவை ஏற்றிவிடுவார்கள். அதிக நேரம் வானத்தில் நிற்பது ஜெயிக்கும். ஒரு நிபந்தனை உண்டு. இருட்டுவதற்குள் அது தன் கூண்டுக்கு வந்துவிட வேண்டும். வராத புறா எவ்வளவு நேரம் பறந்தாலும் கணக்கில் சேராது.

ஏற்றிவிடுவது யாருக்கும் வரும், இறக்குவதுதான் வித்தை என்பார்கள். ஜெசிந்தா பழைய பிஸ்கட் டப்பாவில் சோளத்தைப் போட்டு இரண்டு குலுக்குக் குலுக்குவார். வானத்தில் பொட்டாகத் தெரிந்தது சுழன்று சுழன்று வந்து அவர் காலடியில் நிற்கும். பார்க்கிறவனுக்கு மெய்சிலிர்க்கும்.

அவருடைய சீடர் தணிகாசலம் அவரைவிடப் பத்து வயது பெரியவர். கால்டாக்ஸி ஓட்டுகிறார். தலை நரைத்த மனிதர் ஒரு பெண்ணிடம் கைகட்டி நிற்கிறாரே என்று கேலி பேசியவர்கள் உண்டு. அவர் கண்டுகொள்ளவில்லை. அவர் குடியிருக்கும் வாடகை வீட்டில் மாடி கிடையாது. அதனால் அவருடைய புறாவும் ஜெசிந்தாவின் மாடியில்தான் இருந்தது. கழுத்தெல்லாம் கறுப்புப் புள்ளி. பெயர் மிளகு.

பந்தயத்துக்கு முந்தின வாரம் தணிகாசலம் மாடிக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பளபளப்பு.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"ஸ்டாண்டுல ஒருத்தன் மாத்திரை குடுத்தான். போட்டா தூக்கம் வரல. பசிக்கல. களைப்புன்னா இன்னான்னே தெரியல. ராவும் பகலும் ஓட்டிக்கினு இருக்கேன், உடம்பு பஞ்சு மாதிரி கீது. இதுல இன்னா தப்பு?"

"எந்தக் கம்பெனி மாத்திரை?"

"கம்பெனியா? எங்கயோ ரூம் போட்டு செய்யறானுங்களாம். கலர் கலரா வருது."

ஜெசிந்தா அவரை நிதானமாகப் பார்த்தார். பேச்சை நிறுத்திய பிறகும் தாடை எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. மனைவி அமுலு கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் திறக்காமல் பையில் கிடந்தது. தணிகாசலம் நிமிஷத்துக்கு ஒரு தரம் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"யாரைத் தேடறீங்க?"

"ஒரு வெள்ளைக் காரு வாத்தியாரே. கொஞ்ச நாளா என் பின்னாடியே வருது."

ஜெசிந்தாவும் எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு மாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் கூட வரேன்."

"எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

"அப்போ நல்லா தூங்கிட்டு வாங்க. நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன்."

அவர் தூங்காமலேதான் பந்தயத்துக்கு வந்தார்.

அன்று மிளகு பறந்த அழகை என்னவென்று சொல்வேன். ஜெசிந்தாவின் மாடியில் கூட்டத்தோடு நின்று நிமிர்ந்து பார்த்தேன், பிறகு கண்ணை எடுக்கவே முடியவில்லை. வெயில் ஏற ஏற மற்ற மாடிப் புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மிளகு மட்டும் நின்றது. ஜனம் விசில் அடித்தது. நானும் அடித்தேன். தணிகாசலத்தின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருண்ணே?" என்றார் ஜெசிந்தா.

"அமுலுதான். சாப்ட வரச் சொல்லுவா. வேற வேலை இல்ல அவளுக்கு." அவர் போனைக் கட் செய்தார்.

எங்களில் சந்தோஷப்படாதவர் ஜெசிந்தா ஒருவர்தான். "காத்துல சாயவே மாட்டேங்குதே" என்று முணுமுணுத்தார். பழகிய புறா நடுநடுவே இறக்கையை விரித்துக் காற்றின் மேல் படுத்துக்கொள்ளும். மிளகு ஒரு தரம்கூடப் படுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசிப் போட்டிப் புறாவும் இறங்கிவிட்டது.

"ஜெயிச்சாச்சு வாத்தியாரே! கூப்புடுங்க!"

ஜெசிந்தா டப்பாவைக் குலுக்கினார். மிளகு தாழ வந்தது. கூண்டைத் தாண்டிப் போய் மறுபடி ஏறியது. அதன் ஜோடியான வெள்ளைப் பெட்டையைக் கையில் ஏந்திக் காட்டினார். மிளகு தலைக்கு மேலேயே வந்து, பார்த்துவிட்டு, மறுபடி ஏறியது.

"டப்பா சத்தம் கேக்கலியா அதுக்கு?"

"கேக்குது. பசி இருந்தாதானே அது தீனி டப்பா? இப்போ அதுக்கு வெறும் சத்தம்."

"களைச்சா வந்துடும்ல?"

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினார். "என்ன குடுத்தீங்கண்ணே?"

தணிகாசலம் கீழே பார்த்தார். "நான் போடறதுல ஒரு துணுக்கு."

எனக்கு அவரை நாலு அறை விடலாம் போல ஆத்திரம். ஜெசிந்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு கை ஓய்ந்தால் மறு கையால் குலுக்கினார். அப்படி ஒரு பொறுமையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தது. மிளகு இறங்கவில்லை.

பிறகு அது விழுந்தது. இறக்கையை மடக்கக்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டியில் மோதித் தரையில் உருண்டது.

ஜெசிந்தா அதை எடுத்துத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரலைப் பிடித்து அதன் நெஞ்சின் மேல் வைத்தார். துடிப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. ஓடியது. நின்றுபோனது.

தணிகாசலம் குழந்தை மாதிரி அழுதார். "நல்லாதானே பறந்துச்சு வாத்தியாரே! அதுக்கு ஒரு வலிகூட இல்லியே!"

"வலிச்சிருந்தா வந்திருக்கும்ணே."

புறாவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஒரு துணியில் வைத்தார். வெறுமையாகிப்போன அந்தக் கையைப் பிடித்து, தணிகாசலத்தின் நெஞ்சிலேயே வைத்து அழுத்தினார்.

தணிகாசலம் அப்படியே நின்றார். விரலுக்கடியில் என்ன தெரிந்ததோ, அரைத்துக்கொண்டிருந்த தாடை நின்றது. முகம் வெளிறியது.

சட்டைப் பையில் போன் மறுபடி அடித்தது. பழக்கத்தில் அவர் விரல் அதைக் கட் செய்யப் போனது.

"எடுங்கண்ணே" என்றார் ஜெசிந்தா. "டப்பா குலுக்கறாங்க."