நாலாம் நம்பர் மண்மேடு

பழைய இரும்பு வியாபாரி மாசிலாமணிக்குப் பேரம் பேசாமல் ஒரு வேலையும் ஓடாது. கோயிலுக்குப் போனால் சாமியிடமே, "நீ இதைச் செய், நான் அதைச் செய்யுதேன்" என்று ஆரம்பித்துவிடுவார். பேரம் படியாவிட்டால் விலை ஏறுவதற்கு முன்னால் அவர் குரல் ஏறும். அந்தக் குரலை வைத்தே ஐம்பத்து மூன்று வயதுக்குள் ஒரு குடோனும் இரண்டு லாரியும் சம்பாதித்துவிட்டார்.

அதே குரலால் மனைவி சண்முகவடிவு வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் தம்பி வீட்டில் இருந்தாள்.

ஊருக்கு வெளியே, பாறைக் கரட்டின் அடிவாரத்தில் ஒரு ரைபிள் கிளப். குறி பார்த்துச் சுடும் பலகைகளுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு நீளமாக மண்மேடு. சுட்ட குண்டெல்லாம் அதற்குள்தான் போய்ப் புதையும். பத்து வருஷத்து ஈயம் உள்ளே கிடக்கிறது என்று யாரோ சொல்ல, மொத்தமாக விலை பேசிவிடலாம் என்று மாசிலாமணி போனார்.

அங்கே மண் சலித்துக்கொண்டிருந்தவள் எப்சிபா. முப்பத்து நாலு வயது. மேட்டைத் தோண்டி, சலித்து, ஈயத்தைப் பொறுக்கி உருக்குவது அவள் வேலை. குழல் வாயில் மருந்தும் குண்டும் போட்டு இடித்துச் சுடுகிற பழைய காலத்துத் துப்பாக்கிகள் நாலைந்து கிளப்பில் இருந்தன. அவற்றுக்கு அவள்தான் குண்டு வார்த்துக் கொடுப்பாள்.

"மேட்டை அப்படியே பேசினா என்ன சொல்லுத?" என்றார்.

"ஒரு நாள் சலிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்குக் கண்ணால பாத்தாலே எடை தெரிஞ்சிரும் தாயி."

"மண்ணுக்குள்ள இருக்கதுமா?"

வேட்டியை மடித்துக் கட்டினார். சாயங்காலம் வரைக்கும் சலித்தார். சல்லடை ஆடுகிற சத்தத்தில் அவர் வாய் தன்னால் மூடிக் கிடந்தது. அது அவருக்கே புதுசாக இருந்தது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். விலை கேட்கிறதை விட்டுவிட்டார். மூன்றாம் வாரத்தில் அவளை 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலிக்குத்தான்.

டீச்சரம்மாவிடம் சட்டம் அதிகம். மூக்கில் துணி கட்டாமல் மண்ணைத் தொடக் கூடாது. முழங்கை வரைக்கும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிடையாது.

"ஒரு தடவை போதாதா?"

"போதாது."

"ஒண்ணரை?"

அவள் சிரிக்காமல் சோப்பை நீட்டினாள்.

சலித்த மண்ணைக் கல்லில்லாமல், பொலபொலவென்று, திரும்ப மேட்டில் போட வேண்டும். அதுவும் ஒரு சட்டம்.

"ஈயம்தான் வந்துட்டே. மண்ணுக்கு எதுக்கு இத்தனை சீராட்டு?"

"ஈயத்துக்காக மட்டும் தோண்டலை அண்ணாச்சி. எடுக்காம விட்டா உள்ள சேந்து இறுகிப் போகும். புதுக் குண்டு பழசுல பட்டுத் திரும்பி வரும். போன வருசம் ஒண்ணு வந்து கூரையில ஓட்டை உடைச்சுது."

"யாரு மேலயும் படலையே?"

"அன்னைக்குப் படலை."

ஒருநாள் டீ குடிக்கும்போது மாசிலாமணி தம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டார். "டீச்சரம்மா, கோவிச்சுக்கிட்டுப் போன பொம்பளையை எப்படிக் கூப்பிடணும்?"

எப்சிபா தன் தம்ளரைக் கீழே வைத்தாள். "இதுவரைக்கும் எப்படிக் கூப்பிட்டிய?"

"நாலு வாட்டி போனேன். மொத வாட்டி பட்டுச்சேலை கொண்டு போனேன். வாங்கி, தம்பி பொண்டாட்டிகிட்டக் குடுத்துட்டா."

"ரெண்டாவது?"

"பெரிய மனுசங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்குக் காப்பி குடுத்தா. எனக்கும்தான். சீனி போடலை."

"மூணாவது?"

"தெருவுல நின்னு சத்தம் போட்டேன்."

"நாலாவது?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "வாரதுக்கு என்ன வேணும், முடிவா ஒரே வார்த்தையில சொல்லுன்னேன்."

"கடைசி விலை கேட்டிருக்கிய."

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

"என்ன சொன்னாங்க?"

"கதவைச் சாத்திட்டா."

சிரிக்கலாமா என்று எப்சிபா அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"மச்சினன் மகனுக்குப் பம்பாய்ல வேலை" என்றார் அவர். "மாசக் கடைசியில குடும்பத்தோட அங்க போறாங்க. இவளும் போறாளாம். டிக்கெட்டுப் போட்டாச்சு. பம்பாய்ல போயி நான் எந்தத் தெருவுல நின்னு கூப்பிட?"

எப்சிபா எழுந்தாள். "நாளைக்கு ஈயம் உருக்கணும். வெள்ளன வாங்க."

கேட்டதற்கு இது பதிலா, இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடியும்போது மழை பெய்து விட்டிருந்தது. எப்சிபா அடுப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே பொறுக்கின ஈயத்தை இரும்புச் சட்டியில் போட்டாள்.

"ஆறின சட்டியிலதான் போடணும். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மெதுவாச் சூடேத்தணும். உருகின பெறகு ஒரு துண்டு கூட உள்ள போடப்படாது. பாக்கக் காஞ்சிருக்கும், உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும்."

இதையே மூன்று தடவை சொன்னாள். ஈயம் உருகி வெள்ளியாகப் பளபளத்தது. கசடை வழித்துவிட்டு, குண்டு வார்க்கும் அச்சை எடுக்கத் திரும்பினாள்.

சட்டியில் இன்னும் இடம் இருந்தது. தரையில் ஒரு கை ஈயம் மிச்சம் கிடந்தது. இதுக்காக இன்னொரு தடவை அடுப்பா? வியாபாரியின் கை சும்மா இருக்குமா? ஒரு துண்டை எடுத்து வேட்டியில் துடைத்தார். காதில் வைத்துக் குலுக்கினார். காய்ந்துதான் இருந்தது. போட்டார்.

டப்பென்று வெடித்தது. சட்டிக்கு மேலே ஈயம் பூவாணமாகச் சிதறியது. எப்சிபா கையை உதறினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு.

பயம் வந்தால் மாசிலாமணிக்கு அது சத்தமாகத்தான் வெளியே வரும். கத்தினார். கரடு திரும்பக் கத்தியது. என்ன கத்தினார் என்பது அவர் காதிலேயே விழவில்லை.

அவள் மணிக்கட்டைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு அவர் முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி" என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு கையில் தீக்காய மருந்து, இன்னொரு கையில் அல்வாப் பொட்டலம். அப்படி வந்து நின்றார்.

"கோவம் வந்தா வாயில வந்ததைக் கொட்டிருவேன் தாயி. அந்த நிமிசத்தோட சரி. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். நம்ம மனசு கண்ணாடி."

எப்சிபா மருந்தை வாங்கிக்கொண்டாள். அல்வாவையும் வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. "வாங்க" என்று சொல்லி, சல்லடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாலாம் நம்பர் பலகைக்கு எதிரே ஒரு பல் டாக்டர் அப்போதுதான் சுட்டு முடித்துத் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் பத்து வருஷமாக அவருக்குத்தான்.

"டாக்டர் சார், இந்த மேட்டுல இதுவரைக்கும் எத்தனை குண்டு சுட்டிருப்பிய?"

"அதை யாரு எண்ணினா எப்சிபா? வந்தோம், சுட்டோம், போனோம்." டாக்டர் சீட்டியடித்துக்கொண்டே காரைப் பார்க்கப் போனார்.

"தோண்டுங்க" என்றாள் மாசிலாமணியிடம்.

கைக்கரண்டியால் தோண்டினார். மேலாக வந்தவை இன்னும் மினுங்கின. அதற்குக் கீழே நசுங்கிப் பூ மாதிரி விரிந்தவை. இன்னும் கீழே, வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தவை. ஒன்றின் முதுகில் ஒன்று குத்தி, பிரிக்க முடியாமல் கட்டிக்கொண்டவை. சட்டி நிறைந்தது. இன்னொரு சட்டி வைத்தாள். அதுவும் நிறைந்தது. முழங்கை ஆழத்துக்குப் போன பிறகும் கரண்டியில் நறநறவென்று தட்டிக்கொண்டே இருந்தது.

அவள் பக்கத்தில் நின்று சலித்துக்கொண்டிருந்தாள். அந்த மணிக்கட்டுத் துணி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. மாசிலாமணி தோண்டுவதை நிறுத்தினார்.

"நேத்து நான் உன்னை என்ன சொன்னேன் தாயி?"

"கேக்கணுமா?"

"சொல்லு."

அவள் குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. சந்தைக்குப் போகிறவனிடம் சாமான் பட்டியல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"'பொட்டச்சிகிட்டத் தொழில் கத்துக்க வந்த என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்'னு சொன்னிய. 'உன்னைக் கட்டினவன் எப்படித்தான் காலந்தள்ளுதானோ'ன்னு சொன்னிய. பெறகு சட்டியைப் பாத்துட்டு, 'ஈயம் பூராம் போச்சே'ன்னு சொன்னிய."

"நானா?"

"நீங்கதான்."

"ஈயம் போச்சேன்னது... உன் கையில பட்டதைப் பாத்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

மாசிலாமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தொன்பது வருசம் என்று அவர் முணுமுணுத்தது, சல்லடைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

துணியை உதறிக்கொண்டே, "நாளைக்குக் கோவில்பட்டி போறேன்" என்றார். "என்ன கொண்டு போக?"

"வெறுங்கையோட போங்க."

"வெறுங்கையோட போயி என்ன பேச?"

"இப்ப என்கிட்ட என்ன கேட்டியளோ, அதைக் கேளுங்க."

"அவ சொல்ல ஆரம்பிச்சுட்டா?"

"எந்திரிக்காதீங்க."

"நடுவுல நான் ஒரே ஒரு விளக்கம் மட்டும்..."

"கிடையாது."

"அரை விளக்கம்?"

அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேரம் அங்கேயே முடிந்தது.

இரண்டு நாள் கழித்து வந்தார். முகம் வாடிக் கிடந்தது. துணியை மூக்கில் கட்டப் போனார்.

"வந்துட்டாங்களா?" என்று எப்சிபா கேட்டாள்.

"வரலை."

"கேட்டியளா?"

"கேட்டேன். வாசப்படியிலயே உக்காந்து கேட்டேன். 'நான் உன்னை என்னென்ன சொல்லியிருக்கேன் வடிவு'ன்னேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. பெறகு கிட்ட வந்து, குடிச்சிருக்கேனான்னு மோந்து பாத்தா."

"பெறகு?"

"சொன்னா." மாசிலாமணி துணியை மடித்துத் தோளில் போட்டார். "கல்யாணமான மூணாம் நாள் ரசம் புளிச்சதுக்கு நான் சொன்னதுல ஆரம்பிச்சா. அவ அப்பா செத்தன்னைக்குப் பொணத்துக்குப் பக்கத்துல இருந்து அழுதுக்கிட்டு இருந்தவகிட்டப் போயி, 'வெளிய லாரி நிக்கி, சட்டுன்னு அழுது முடி'ன்னு சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை டீச்சரம்மா. ஆனா சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும்."

எப்சிபா சல்லடையை நிறுத்தினாள். "நடுவுல பேசினியளா?"

"ரெண்டு வாட்டி வந்துது. முழுங்கிட்டேன்."

"அழுதாங்களா?"

"அவ அழலை." அவர் வேறு பக்கம் பார்த்தார். "சாயங்காலம் ஆயிட்டு. எந்திரிச்சேன். அவளும் எந்திரிச்சா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கிட்டே கூட நடந்து வந்தா. நான் பஸ்ஸுல ஏறின பெறகும் சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. எங்க சித்தி மக கல்யாணத்துல எல்லார் முன்னாலயும் என்னமோ சொல்லிட்டேனாம். அதைச் சொல்ல ஆரம்பிச்சா, டிரைவர் வண்டியை எடுத்துட்டான்."

"வாரேன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை. வரமாட்டேன்னும் சொல்லலை. பம்பாய் வண்டிக்கு ஒம்போது நாள்தான் கிடக்கு. நீ சொன்னபடி எல்லாம் செஞ்சாச்சு, இன்னும் ஒண்ணும் படியலை. இனி நான் என்ன செய்ய, சொல்லு."

பதிலுக்குக் காத்திருக்காமல், பழக்கத்தில் குனிந்து சல்லடையை எடுத்தார்.

எப்சிபா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இங்க எதுக்கு வந்திய அண்ணாச்சி? அவங்க பாதியிலல்லா நிறுத்தியிருக்காங்க."