போனுக்குக் கேட்காத கிட்டார்

தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கோயில் கொடை விழா, மாதா கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிக்கும். குழுவை நடத்தியவர் கோமதிநாயகம். அதில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச்சத்தம் கொடுக்கிற கிட்டார், வாசித்தவன் வில்பிரட்.

வில்பிரட்டின் தோளில் பதினாலு வருஷமாகத் தொங்கியது ஒரே கிட்டார்தான். நாலு கம்பி. கறுப்புப் பெயின்ட் ஓரமெல்லாம் உதிர்ந்து மரம் தெரியும். அதற்குப் பேச்சு குறைவு. ஒரு பாட்டில் மற்ற வாத்தியங்கள் நூறு வார்த்தை பேசினால் அது நாலு வார்த்தை பேசும். ஆனால் அந்த நாலையும் பேச வேண்டிய இடத்தில் பேசும். மேடையில் அதற்குச் சேக்காளி கிக் டிரம், அதாவது டிரம்ஸ்காரர் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம். ஒன்று அடி வைக்கிற இடத்தில்தான் மற்றதும் அடி வைக்கும். இருவருக்கும் இடையில் இதுவரை சண்டை என்று ஒன்று வந்ததில்லை.

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் பாடகியிடம் போய்க் கை கொடுப்பார்கள். கீபோர்டுக்காரரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பேஸ்காரனைப் பார்த்து, "நீங்க என்ன வாசிச்சிய அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். வில்பிரட் இதைப் பதினாலு வருஷம் சிரித்துச் சமாளித்தான். அதன் பிறகு ஒரு புதுப் போன் வாங்கினான். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்தப் போனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கேட்காமலே சொல்லும். அதன் வாய் ஓர் எறும்பு நுழையும் அளவு, காது அதைவிடச் சின்னது. ஆனால் அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

ஒரு நாள் வில்பிரட் கச்சேரியைப் போனில் பிடித்து, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டான். பாட்டு வந்தது. கீபோர்டு வந்தது. முன்வரிசையில் யாரோ இருமியதுகூட வந்தது. அவன் மட்டும் வரவில்லை.

"நான் எங்க?" என்று கேட்டான்.

"நீங்க அன்னைக்கு வாசிச்சீங்களா அண்ணாச்சி?" என்றது போன். மரியாதையாகத்தான் கேட்டது.

"ரெண்டரை மணி நேரம் வாசிச்சேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. எனக்கே கேக்கலன்னா வேற யாருக்குக் கேட்டிருக்கும்?"

சுவரோரம் சாய்ந்திருந்த கிட்டார் பார்த்தது. "ஏ தம்பி, என் சத்தம் கொஞ்சம் பெருசு. உன் வாய்க்குள்ள நுழையாது. அது உன் குத்தமும் இல்ல, என் குத்தமும் இல்ல," என்றது.

"பாத்தீங்களா, பழைய சாமான்னாலே இந்தப் பேச்சுதான். உங்க கையில வித்தை இருக்கு அண்ணாச்சி. சாமான்தான் சரியில்ல," என்றது போன்.

ஒரு வாத்தியக்காரனிடம் இதைவிட இனிப்பான பொய்யை யாராலும் சொல்ல முடியாது. வில்பிரட் விழுந்துவிட்டான்.

முதலில் ஒரு பெடல் வந்தது. காலால் அமுக்கினால் சத்தத்தைக் கூராக்கும் சின்ன இரும்புப் பெட்டி. வந்து உட்கார்ந்ததும், "என்னை வச்சா கொஞ்சம் இரைச்சல் வரும். அதை அடக்க என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவனையும் கூப்பிட்டுருங்க," என்றது. மச்சான் வந்தான். அவன், "இரைச்சலை அடக்குனா சத்தமும் குறையும். அதை ஏத்திவிட என் அண்ணன் வரணும்," என்றான். அண்ணன் வந்தான். இப்படியே ஏழு பெட்டி வந்து, ஏழையும் அடுக்க ஒரு பலகை வந்து, பலகைக்கு ஒரு பை வந்தது. பையைத் தூக்க வில்பிரட்டுக்கு முதுகுவலியும் வந்தது.

"என்னடே, எப்படி இருக்க?" என்று ஒத்திகையில் கிக் டிரம் கேட்டது.

"என்னத்தச் சொல்ல. நான் 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுதேன். ஏழு வாசல்லயும் நிறுத்தி விசாரிக்கானுவ. வெளிய போகும்போது அது 'போ'ன்னு கேக்குது," என்றது கிட்டார்.

கோமதிநாயகமும் கவனித்துவிட்டார். "என்னவே வில்பிரட்டு, அரிசி மில்லு ஓடுத மாதிரி இருக்கு?"

"இதுதான் டோன் அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"தேடிக்கிட்டு இருக்கேன்."

தேடிக் கிடைத்தது ஆறு கம்பிப் பேஸ். தேன் நிற மரம், தங்க நிறத் திருகுகள், உள்ளே பேட்டரி. வில்பிரட் அதை வீட்டுக் கூடத்தில் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வயரை அதில் சொருகி வைத்தான். வயர் தொங்கினால்தான் வாத்தியக்காரன் வீடு மாதிரி இருக்கிறது என்று போன் சொல்லியிருந்தது. வயர் சொருகியிருக்கிற வரை உள்ளே பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதை அது சொல்லவில்லை. மூன்று வாரம் அப்படியே நின்றது.

அடுத்த கச்சேரி திருச்செந்தூர்ப் பக்கம் ஓர் ஊரில், அம்மன் கோயில் கொடைக்கு. "பழசும் வண்டியில கிடக்கட்டும், மாத்துக்கு ஆகும்," என்றார் கோமதிநாயகம். வில்பிரட் மறுக்கவில்லை. மறுநாள் திருநெல்வேலிக் கடையில் அதைக் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்திருந்தான். கச்சேரி முடிந்து அங்கிருந்தே போய்விடலாம் என்று ஏற்றிக்கொண்டான்.

வேனில் ஆறு கம்பி தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொண்டது. அது பட்டணத்துப் பேச்சு பேசியது.

"நான் சாதாரண பேஸ் இல்லை. வேண்டுமானால் லீட் கிட்டார் மாதிரி அழுவேன், வீணை மாதிரி நெளிவேன்."

"பேஸ் வேணும்னா?" என்று கேட்டது கிக் டிரம்.

"அதையும் பார்க்கலாம்," என்றது ஆறு கம்பி. பிறகு பழைய கிட்டாரின் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீங்கள் கடைக்குப் போகிறீர்களாமே?" என்றது.

பழைய கிட்டாருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அதற்கு அழுகை வந்தது. அதன் கழுத்துப் பக்கம் பதினாலு வருஷமாக வில்பிரட்டின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. இனி யார் கை அங்கே படும் என்று நினைத்துக்கொண்டே பைக்குள் கிடந்தது.

சாயங்காலம் ஆறரைக்குக் கச்சேரி ஆரம்பித்தது. கொடைக் கூட்டம் என்றால் சும்மா இல்லை. இரண்டாவது பாட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட இறங்கிவிடுவார்கள். அன்றைக்கு நாலு பாட்டு ஆகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஆறு கம்பி மேலே ஏறியது, கீழே இறங்கியது, நெளிந்தது, அழுதது. மூச்சு விடாமல் பேசியது. எதிரே குச்சியில் நிறுத்தியிருந்த போனுக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பத்தான் அண்ணாச்சி நீங்க இருக்கதே தெரியுது."

கிக் டிரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. கூட அடி வைக்க ஆளில்லாமல் அதற்குத் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி இருந்தது. பாடகி எங்கே எடுப்பது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் தடுமாறினாள். கொடை கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து, "என்ன நாயகம், இன்னைக்குச் சப்புன்னு இருக்கு? அடுத்த வருஷத்துக்கு வேற செட்டு பாக்கட்டுமா?" என்றார். கோமதிநாயகத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஏழாவது பாட்டின் நடுவில் ஆறு கம்பி கரகரவென்று இழுத்து, நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றான் வில்பிரட்.

"பேட்டரி," என்றது ஆறு கம்பி, ஈனசுரத்தில்.

உடனே ஏழு பெடல்களும் ஒன்றையொன்று கைகாட்டின. யாரிடமும் மாற்றுப் பேட்டரி இல்லை. கோமதிநாயகம் பழைய கிட்டாரைப் பையிலிருந்து உருவி வில்பிரட்டின் கையில் திணித்தார். பெடல்களில் இணைக்க நேரமில்லை. வயரை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினான்.

"வந்துட்டியாடே?" என்றது கிக் டிரம்.

"நீ அடி. நான் வாரேன்," என்றது நாலு கம்பி.

அது தன் நாலு வார்த்தையைச் சொல்லிற்று. கூட்டத்துக்கு அது காதில் தனியாக விழவில்லை, ஆனால் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கையில் அதிர்ந்தது. முதலில் ஒருவர் கடலைப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் சொருகினார். பிறகு மூன்று பேர் எழுந்தார்கள். அடுத்த பாட்டில் புழுதி கிளம்பியது. கடைசிப் பாட்டில் கமிட்டிக்காரரே துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு நடுவில் நின்றார். இறங்கும்போது கோமதிநாயகத்தின் கையைப் பிடித்து, "அடுத்த வருஷமும் நீருதான் வே," என்றார்.

பழைய கிட்டார் வில்பிரட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேல் விடமாட்டான் என்று நம்பியது.

வில்பிரட் வேனில் ஏறியதும் போனை எடுத்துப் போட்டுக் கேட்டான். முதல் ஆறு பாட்டில் அவன் வாசித்த ஒவ்வொரு நெளிவும் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"பொறவு நீங்க உக்காந்துட்டீங்களா அண்ணாச்சி?" என்றது போன்.

"அப்பந்தான் ஊரே ஆடிச்சு," என்றது கிக் டிரம்.

"ஆட்டம் தெரியுது. கீபோர்டுக்குத்தான் ஆடுதாவன்னு நினைச்சேன்."

கீபோர்டு அதை மறுக்கவில்லை.

"நீ கண்ணால பாத்தேல்லா வில்பிரட்டு?" என்றார் கோமதிநாயகம். "எந்தக் கிட்டாருக்கு ஜனம் எந்திரிச்சுன்னு பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. ஆனா ரெக்கார்டுல இல்லியே."

மறுநாள் நாலு கம்பி கடைக்குப் போயிற்று. கிக் டிரம் அன்றைய ஒத்திகையில் சரியாக அடிக்கவில்லை.

வில்பிரட் டஜன் கணக்கில் பேட்டரி வாங்கினான். மேலும் மூன்று கச்சேரி வாசித்தான். மூன்றிலும் ஜனங்கள் கடலை தின்றார்கள். பிறகு கோமதிநாயகம் வீட்டுக்கே வந்து, காபியைக் குடித்து முடித்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுவே," என்றார். அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போய், கடையின் பின்பக்கச் சுவரில் தொங்கிய கறுப்புக் கிட்டாரை அவரே வாங்கி வந்தார். அதை ரோஸ்லின் கையில் கொடுத்தார். ரோஸ்லின் மாதா கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறவள். எந்தப் பெடல் வேண்டும் என்று கேட்டதற்கு, "டிரம் எங்க அடிக்குன்னு சொல்லுங்க சார், போதும்," என்றாள். கிட்டார் அவள் கையை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. வில்பிரட்டை மறந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு கொடைக்கு அந்தக் குழு வாசிக்கிறது என்று கேள்விப்பட்டு வில்பிரட் போனான். வாசிக்க இல்லை, குறை கண்டுபிடிக்க. கூட்டத்தின் கடைசியில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றான். போனை உயர்த்திப் பிடித்தான்.

"அந்தப் பொண்ணு வாசிக்கதே கேக்கல அண்ணாச்சி. நீங்க இருந்திருந்தா எப்படிக் கேக்கும்," என்றது போன்.

வில்பிரட்டுக்கு மனசு குளிர்ந்தது. "அதான் சொன்னேன்," என்றான். சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கால், அவனைக் கேட்காமல், மணலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஓர் அடிகூடத் தவறவில்லை. நிறுத்திப் பார்த்தான். அது மறுபடியும் ஆரம்பித்தது.

"சும்மா இரி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அங்கதான் ஒண்ணுமே கேக்கலியே."

பிறந்ததிலிருந்து வாய் திறந்திராத அந்தக் கால் அன்றைக்குத்தான் பேசியது.

"போனுக்குக் கேக்கலன்னா நான் என்ன செய்ய முடியும்? எனக்குக் கேக்குதே."