இருபத்திரண்டு வயதுக்குள் வேண்டும்

பிலோமினா வேலை பார்த்த பியூட்டி பார்லரை மூடிவிட்டார்கள். தூத்துக்குடியில் வேறெங்கும் ஆள் எடுக்கவில்லை. அதனால் அவள், புதிதாகத் திறந்திருந்த பெரிய பார்லருக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் எதிரிலேயே முதலாளி ஜெயசீலன் விசாரித்தார்.

"அனுபவம்?"

"பன்னிரண்டு வருசம் சார்."

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

ஜெயசீலன் உதட்டைப் பிதுக்கினார். "பத்து வருச அனுபவமும் வேணும், வயசும் இருபத்திரண்டைத் தாண்டக் கூடாது. முடியாதுன்னா கிளம்பு."

பிலோமினா சுவரிலிருந்த விளம்பரத்தை நிதானமாகப் படித்தாள்.

"'ஒரே ஃபேஷியலில் பத்து வயது குறையும்'னு போட்டிருக்கீங்களே சார். எனக்கு ஒண்ணு பண்ணிவிடுங்க. இருபத்தொண்ணாயிரும். இன்னைக்கே சேந்துக்கிடுதேன்."

முகத்தில் கிரீமோடு சாய்ந்திருந்த மூன்று பெண்களும் கண்ணைத் திறந்து ஜெயசீலனைப் பார்த்தார்கள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்திரும்மா," என்றார் அவர்.