கிரீட்டின் கன்னத்து மச்சம்

ஆன்ட்வெர்ப் நகரத்தில் லைஸ்பெத் என்றொரு பெண் இருந்தாள். செப்புத் தகட்டில் முகங்களைச் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுப்பது அவள் தொழில். கை என்றால் கை, அப்படியொரு கை! ஆனால் படங்களெல்லாம் பட்டறை முதலாளியின் பெயரிலேயே வெளிவந்தன. ஒரு படத்திலாவது தன் பெயர் இருக்காதா என்று ஏங்கினாள்.

கப்பல் தலைவர் யோரிஸ், பயணத்தில் கூடவே வைத்துக்கொள்ள மனைவி கிரீட்டின் முகத்தை அச்சில் கேட்டார்.

"அச்சு அசலாக இருந்தால் அடியில் உன் பெயரே இருக்கட்டும். இல்லையென்றால் சுரண்டிவிட வேண்டும், சம்மதமா?"

"சம்மதம், ஐயா."

கிரீட்டை எதிரே உட்காரவைத்து, வலக் கன்னத்து மச்சம் முதல் கண்ணோரச் சுருக்கம் வரை பார்த்தது பார்த்தபடியே தகட்டில் செதுக்கினாள். பெயருக்குத்தான் உயிரைக் கொடுத்தாள். தகட்டில் எழுத்து இடம் வலம் மாறியிருந்தால்தானே தாளில் நேராக விழும்? ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி எழுதிப் பழகிய பிறகே உளியை வைத்தாள்.

முதல் தாள் மை காயாமல் வந்தது. பெயர் பளிச்சென்று நேராக நின்றது.

"அடியம்மா, இது நானேதான்!" என்று கிரீட் துள்ளினாள். "தினமும் தலை வாரும்போது பார்க்கிற அதே முகம்!"

யோரிஸ் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "அழகுதான். ஆனால் என்னவோ இடிக்கிறது. இது இவள் இல்லை."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் பெண்டாட்டி முகம் தெரியவில்லையா?"

"தெரிந்ததால்தானே சொல்கிறேன்!"

சுரண்டும் கத்தி மேசைமேலேயே கிடந்தது. லைஸ்பெத் படத்தைப் பார்த்தாள், கிரீட்டைப் பார்த்தாள். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதற்கு நான் பொறுப்பு. சொல்லுங்கள், யார் சொன்னது சரி? லைஸ்பெத் தன் பெயரைச் சுரண்டத்தான் வேண்டுமா?

விடை: இருவர் சொன்னதும் சரி. பெயரைத் திருப்பும் ஆசையில் முகத்தைத் திருப்ப மறந்துபோனாள். தாளில் மச்சம் இடக் கன்னத்துக்குத் தாவிவிட்டது. கிரீட் தன் முகத்தைக் கண்டதெல்லாம் கண்ணாடியில். அங்கேயும் மச்சம் அந்தப் பக்கம்தான்! லைஸ்பெத் மை காயாத அந்த முதல் தாளின்மேல் வெறுந்தாளை வைத்து அழுத்தி எடுத்தாள். மச்சம் தன் இடத்துக்கு வந்தது. "இதோ என் கிரீட்!" என்று கத்தினார் யோரிஸ். அதில் பெயர்தான் இப்போது இடம் வலம் மாறிக் கிடந்தது. "கிடக்கட்டும், யார் செதுக்கியது என்று கேட்கிறவனுக்குக் கண்ணாடியில் காட்டிக்கொள்கிறேன்," என்றார். முதல் தாள் மனைவிக்கு, இரண்டாவது கணவனுக்கு. லைஸ்பெத் கத்தியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.