முள் எங்கே?

ஒரு காட்டில் ஓர் ஆண் மயில் இருந்தது. மேகத்தைக் கண்டால் அதற்கு ஆடாமல் இருக்க முடியாது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஆடவும் முடியாது!

ஆண்டுதோறும் சித்திரையில் முதல் மேகம் கூடும் நாளில், சிங்க ராஜாவின் ஆட்டத் திடலில் மயில் ஆடும். திடலைப் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்புதான். வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.

"போன முறை தடுமாறினாய். இந்த முறையும் பிசகினால் திடலைக் கொக்கிடம் கொடுத்துவிடுவேன்" என்று சிங்கம் சொல்லியிருந்தது.

கொக்கிடமா! மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டது.

ஐப்பசி மழையில், திடலில் சின்னச் சின்ன இலைகளோடு ஒரு கொடி படர்ந்தது. கழுதை சப்புக்கொட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றது.

"மயிலாரே, இது நெருஞ்சி. இளசாக இருக்கிறது, மேய்ந்துவிடட்டுமா?"

"நெருஞ்சி என்றால் முள் இருக்குமே. இதில் முள் எங்கே? தின்பதற்கு உனக்கு ஒரு சாக்கு!"

கழுதைக்குத் தின்ன ஆசைதான். அதற்காக அது சொன்னது பொய்யாகிவிடுமா?

மார்கழியில் மஞ்சள் பூக்கள் பூத்தன. கழுதை மறுபடி வந்து கேட்டது.

"உனக்குக் கண் இல்லையா?" என்று மயில் சீறியது. "சூரியன் போகும் பக்கமெல்லாம் பூவும் திரும்புகிறது. ராஜாவைப் பார்க்கும் மந்திரிகளைப் போல எவ்வளவு பணிவு! இதுவா நெருஞ்சி? இது பொன்மலர். நானே பெயர் வைத்துவிட்டேன்."

அதோடு விட்டதா? அலகில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றவும் செய்தது.

தை மாதம் பச்சைக் காய்கள் வந்தன. "காய்க்கவும் செய்கிறது பார்!" என்று மயில் பூரித்தது. கழுதை வேறு புல் தேடிப் போய்விட்டது.

பங்குனி வெயிலில் கொடி காய்ந்து சருகானது; காய்கள் இறுகி உதிர்ந்து மண்ணோடு மறைந்தன. மயில் அதைக் கவனிக்கவில்லை. அது குளக்கரையில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தது. அங்கேதான் தன் அழகு தண்ணீரில் தெரியும்!

சித்திரை மேகம் கூடியது. காடே திரண்டது. மயில் தோகையை விரித்து முதல் அடி வைத்தது.

"ஐயோ!"

அடுத்த அடியில், "அம்மா!" பிறகு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. பாதமெல்லாம் நெருஞ்சி முள்.

"கழுதையாரே!" அன்றைக்குத்தான் மயிலின் வாயில் மரியாதை வந்தது. "இது நெருஞ்சியேதான்! சீக்கிரம் தின்றுவிடுங்கள்!"

"முள்ளையா? எனக்கும் நாக்கு இருக்கிறது, மயிலாரே."

சிங்கம் கூட்டத்தில் நின்ற கொக்கைப் பார்த்தது.

"ஒற்றைக் காலில் நிற்பதுதான் ஆட்டம் என்றால், கொக்கு உன்னைவிட நன்றாக நிற்கிறது. திடலை அதனிடம் கொடு."

நீதி: முள்ளைப் பார்த்த பிறகே நெருஞ்சி என்று நம்புகிறவர், அதைத் தம் காலில்தான் பார்ப்பார்.