படித்துக் காட்டப்பட்டது

வழக்கறிஞர் மரகதவல்லிக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த தேவசகாயத்துக்கு அறுபத்து நான்கு. கோர்ட் குமாஸ்தாவாக ஓய்வு பெற்று, பேத்தி பிறந்த பிறகு சட்டம் படித்தவர். ஊரே கேலி செய்தது. மரகதவல்லி அவருக்கு மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டார்.

முதன்முதலாக அவர் ஒரு மனு எழுதினார். ஒடிசாவிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்த குந்தளாவுக்காக. அவளுடைய முதல் பிள்ளை ஒரு பரிசோதனையும் இல்லாமல் பிறந்து, தங்கவில்லை. இப்போது மறுபடி ஆறாம் மாதம். உள்ளூர் முகவரி இல்லையென்று சுகாதார நிலையத்தில் பதிய மறுத்துவிட்டார்கள். முகவரி கேட்காமல் பதிய உத்தரவிட வேண்டும் என்று முப்பத்திரண்டு பக்கம், ஆங்கிலத்தில்.

"இதுல என்ன குறைங்க மேடம்?"

குறை இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கேட்டார், பாவம்.

மரகதவல்லி கடைசி வரியில் விரல் வைத்தார். 'மனுதாரருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டது.'

"எப்பங்கண்ணா படிச்சுக் காட்டுனீங்க?"

"எல்லா மனுவுலயும் போடற வரிதானுங்களே. முப்பத்தஞ்சு வருசமா பார்க்கறேன்."

"ஒருக்கா படிச்சுக் காட்டிட்டு வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை மில் விடுதிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, குந்தளாவுக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொரு பக்கமாக உடைத்துச் சொன்னார். இரண்டு டீயும் ஆறிப்போனது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அய்யா, இது ஜெயிச்சா நர்சம்மா ஞாயித்துக்கிழமை இருப்பாங்களா?"

"ஞாயிறு லீவும்மா."

"எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுதி கேட் திறப்பாங்க."

தேவசகாயம் மனுவை மூடி வைத்தார். வழக்கில் ஜெயித்தாலும் இந்தப் பெண்ணால் சுகாதார நிலைய வாசலை மிதிக்க முடியாது.

மறுநாள் சீனியரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "பரிசோதனைக்குக் கேட் திறக்கணும். ஞாயித்துக்கிழமையும் நர்ஸ் இருக்கணும். இதைத்தானுங்க முதல் பக்கத்துலயே கேட்டிருக்கணும். மறுபடி எழுதறேன்."

சிவப்புப் பேனாவை எடுத்து, வெட்கத்தோடு அந்தக் கடைசி வரியை அடிக்கப் போனார். மரகதவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டுங்கண்ணா. எழுதி முடிச்சு, ஞாயித்துக்கிழமை போய் அதை உண்மையாக்கிட்டு வாங்க. டீ ஆறினா ஆறட்டும்."