நீலவேணியின் ஐந்தாவது சாவு

எஸ்தரிடம் படம் வரையக் கற்றவர்கள் பலர். அவர்களில் தணிகைவேலுக்குத்தான் அந்த வாய்ப்பு வந்தது. நாற்பது வருடமாக மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் ‘சாம்பலன்’ காமிக்ஸை இனி அவன்தான் எழுதி வரைய வேண்டும்.

சாம்பலன் ஒரு சாகச வீரன். மனைவி நீலவேணியை எதிரிகள் கொன்று வீட்டைக் கொளுத்திவிட, அந்தச் சாம்பலை முகத்தில் பூசிக்கொண்டு கிளம்பியவன். இதுவரை நான்கு பேர் அவனை வரைந்திருக்கிறார்கள். முதலில் கிருபாகரன், பிறகு சொக்கலிங்கம், மூன்றாவதாக எஸ்தர், கடைசியாக தாவூத். இவர்களில் யார் காலம் பொற்காலம் என்று வாசகர்கள் போடும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இதற்காகவே தங்கை கல்யாணத்துக்கு நண்பனைக் கூப்பிடாமல் விட்டவர்கூட இருக்கிறார்.

புதிதாக வருகிறவர் முதல் வேலையாகப் பழைய கதையைத் தன் பாணியில் மறுபடி சொல்வார். அது அந்த காமிக்ஸின் வழக்கம். நீலவேணி மறுபடி சாவாள்.

தணிகைவேலுக்கு வயது நாற்பத்தொன்று. பாடப்புத்தகங்களுக்குத் தவளையும் இதயமும் வரைந்து வரைந்து சலித்துப்போனவன். பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார்: இது எடுபடாவிட்டால் சாம்பலனை நிறுத்திவிடுவோம், உனக்கும் இங்கே வேலை இல்லை. பயந்துகொண்டுதான் எஸ்தரின் மொட்டைமாடி அறைக்கு ஏறிவந்தான். பேச்சில் மட்டும் பயத்தைக் காட்டவில்லை.

“ஒண்ணு கேக்கணும் அக்கா. நாலு பேர்ல யாரு பெஸ்ட்?”

எஸ்தர் வரைவதை நிறுத்தவில்லை.

“எதுக்கு?”

“அவங்களைத் தாண்டணும்.”

எஸ்தர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார்.

“கிருபாகரன் காலத்துல நீலவேணி எப்படிக் கிடந்தா?”

“சாம்பலன் கதவைத் திறக்குறான். அவ தரையில குப்புறக் கிடக்குறா. ஒரே கட்டம். இப்பப் பாத்தா ரொம்பச் சாதாரணம்.”

“படு.”

உருவம் வரைகிறவர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் படுத்தும் நின்றும் காட்டுவது உண்டு. தணிகைவேல் சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தான். சித்திரை மாதத்து மத்தியானம். சிமெண்டுத் தரை சுட்டது. எஸ்தர் மர ஸ்கேலால் அவனுடைய வலது கையை நகர்த்தி, கிருபாகரன் வரைந்த கோணத்துக்குக் கொண்டுவந்தார்.

“சரி, எந்திரி. சொக்கலிங்கம்?”

“அது முழுப் பக்கம். மாடிப்படியில தலைகீழாக் கிடப்பா. அந்த நிழல் இருக்கே அக்கா, அதுக்கப்புறந்தான் கதைக்கே ஒரு கனம் வந்துச்சு.”

எஸ்தர் வெளியே மாடிப்படியைக் காட்டினார். தணிகைவேல் தலை கீழே இருக்கும்படி படிகளில் படுத்தான். ரத்தம் முகத்துக்கு ஏறியது.

“கழுத்து இன்னும் திரும்பணும்,” என்று ஸ்கேலால் அவன் மோவாயைத் தள்ளினார் எஸ்தர்.

“ஆனா தாவூத் வந்தப்புறம்தான் அக்கா உண்மையான...”

“பேசாத. அவ பேசல.”

எழுந்தபோது அவனுக்குத் தலை சுற்றியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தான்.

“அடுத்தது உங்களோடது,” என்றான். “ஒரு இதழ் பூரா. கையைப் பின்னால கட்டி முழங்கால்ல நிக்க வெச்சிருப்பாங்க. அதைப் படிச்சுட்டு அழுதிருக்கேன். உங்க காலம்தான் பொற்காலம்னு நான் யார்கிட்ட வேணாலும் சொல்லுவேன். சத்தியமா முகஸ்துதி இல்ல அக்கா.”

எஸ்தர் ஒரு துண்டை எடுத்து அவன் கைகளைப் பின்னால் கட்டினார். முடிச்சை இறுக்கும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

“முப்பத்திரண்டு பக்கம்,” என்று சொல்லிவிட்டுக் கீழே டீ போடப் போனார்.

டீயைக் குடித்து முடித்த பிறகே மேலே வந்தார். தணிகைவேல் அதே இடத்தில் முழங்காலில் இருந்தான். தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அவிழ்த்துவிடும்படி கேட்க வாய் வரை வந்தது; மானம் தடுத்துவிட்டது.

தாவூத் நீலவேணியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் மடக்கி வைத்திருந்தார், இரண்டு இதழ்களுக்கு. எஸ்தரிடம் பெட்டி இல்லை. கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, மேசைக்கு அடியில், முழங்கால் மோவாயில் முட்ட, தணிகைவேலை உட்கார வைத்தார். யார் பெரியவர் என்ற பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

வெளியே வந்ததும் சொன்னான்: “புரியுது அக்கா.”

“என்ன புரியுது?”

அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

“சரி. உன்னோடது எப்படி?”

தணிகைவேல் தயங்கினான். இடுப்பு வலித்தது. ஆனாலும் சொல்லத் தொடங்கியதும் ஆசை முந்திக்கொண்டது.

“தண்ணித் தொட்டி அக்கா. உள்ள இறக்கி மூடிடுவாங்க. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். மூணு இதழ் போகும். முதல் இதழ் முடியறப்ப தண்ணி அவ வாய்க்குக் கீழ நிக்கும். அடுத்த மாசம் வரைக்கும் வாசகன் தூங்க மாட்டான். இந்த மாதிரி நாலு பேர்ல ஒருத்தரும் பண்ணதில்ல.”

“இல்லதான்,” என்றார் எஸ்தர்.

அறையை விட்டு வெளியே மொட்டைமாடிக்குப் போனார். மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். பின்னாலேயே வந்த தணிகைவேல் எட்டிப் பார்த்தான். முக்கால் தொட்டி தண்ணீர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

“சட்டையைக் கழட்டிட்டு இறங்கு.”

அவன் பதிப்பாளர் சொன்னதை நினைத்துக்கொண்டான். சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டான். ஒரு காலை உள்ளே விட்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எவ்வளவு நேரம் அக்கா உள்ள இருக்கணும்?”

எஸ்தர் கையில் மூடியை வைத்திருந்தார்.

“அடுத்த இதழ் வர்ற வரைக்கும்.”